பட்டியலில் விடுபட்ட ஆசிரியர்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் லிவர்பூல் இன்ஸ்டிட்யூட் பள்ளியைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பீட்டில்ஸ் இசைக்குழுவின் பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், இயற்பியலில் 1917-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு பெற்ற சார்லஸ் பார்க்லா என்று அங்கே படித்துப் பேரெடுத்தவர்களைக் கட்டுரையாளர் வரிசையாகச் சொல்கிறார். அவர்களுக்குப் பாடம் சொன்னவர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை. போதாததற்கு, பீட்டில்ஸ் இருவருக்கும் அந்தப் பள்ளி ஒன்றுமே தரவில்லை என்று முடித்திருக்கிறார். முப்பத்தோரு ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவள் நான். இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க மனம் வரவில்லை.

அங்கே ஆங்கில ஆசிரியராக இருந்தவர் ஆலன் டர்பண்ட். பையன்கள் வைத்த பட்டப்பெயர் ‘டஸ்டி’. கவிஞர் சாஸரின் அறுநூறு ஆண்டுப் பழமையான ஆங்கிலம் பதினாறு வயதுப் பையன்களின் காதில் எளிதில் ஏறாது. அவர்களைப் பிடித்து இழுக்க, சாஸரின் கதைகளிலேயே கொஞ்சம் பச்சையான மில்லரின் கதையைக் காட்டினார் டர்பண்ட். வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. தன்னை இலக்கியத்தின் பக்கம் திருப்பியது அதுதான் என்று மெக்கார்ட்னியே பல முறை சொல்லியிருக்கிறார். மேல்நிலைத் தேர்வில் அவர் தேறிய பாடமும் ஆங்கில இலக்கியம்தான். பிற்காலத்தில் சொற்களோடு வாழ்ந்த ஒருவருக்கு இது ஒன்றுமில்லையா?

எனக்கும் டர்பண்ட் ஒருவகையில் ஆசிரியர். ஷேக்ஸ்பியரின் மூல வரிகளுக்கு எதிரிலேயே இன்றைய ஆங்கிலத்தையும் அச்சிட்டு, ‘ஷேக்ஸ்பியர் மேட் ஈஸி’ என்ற வரிசை நூல்களை உருவாக்கியவர் அவர். அதில் ‘ஜூலியஸ் சீசர்’ பிரதி ஒன்றுக்குப் பழுப்புத்தாள் அட்டை போட்டு வைத்திருந்தேன். மறுநாள் வகுப்புக்கு முந்தைய இரவில் அதைத் திறந்தால், ஆண்டனியின் சொற்பொழிவில் நான் தடுமாறிய இடங்களுக்கெல்லாம் எதிர்ப்பக்கத்தில் விளக்கம் காத்திருக்கும். என் மாணவிகள் பலருடைய கை மாறிய அந்தப் புத்தகத்தின் முதுகு பிய்ந்துபோனது. இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஜார்ஜுக்கு அந்தப் பள்ளி பிடிக்கவில்லை என்பது உண்மை. 1959-இல் கையில் எந்தச் சான்றிதழும் இல்லாமல் வெளியேறினார். ஆனால் அவர் பஸ் ஓட்டுநரின் மகன். பாலின் அப்பா பருத்தி வியாபார நிறுவனத்தில் விற்பனையாளர், அம்மா செவிலியர். 1944-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தால் கட்டணமில்லாமல், தேர்வு வைத்துச் சேர்க்கும் கிராமர் பள்ளிக்குள் நுழைந்த தலைமுறை இது. ஒரு வகுப்பு மூத்த பாலும் இளைய ஜார்ஜும் பழகியது பள்ளிக்குப் போகும் பஸ்ஸில். பாலை, பீட்டில்ஸின் இன்னொருவரான ஜான் லெனனிடம் 1957-இல் கூட்டிப்போன ஐவன் வாகனும் அதே பள்ளி மாணவர்.

அதற்காகக் கிராமர் பள்ளி முறையை நான் தூக்கிப்பிடிக்கவில்லை. பதினொரு வயதில் ஒரே தேர்வு; தேறியவன் ஒரு பள்ளிக்கு, தேறாதவன் வேறு பள்ளிக்கு. அந்த வயதில் ஒரு குழந்தையின் தலைவிதியை எழுதுவது கொடுமை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதிலும், பகலில் உழைத்த தொழிலாளிகள் வந்து கற்பதற்காக 1825-இல் தொடங்கிய நிறுவனம் இது என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது. 1844-இல் சார்லஸ் டிக்கன்ஸ் இங்கே வந்து பேசியதும் அந்தக் காலத்தில்தான்.

மகனைப் பார்க்கப் போயிருந்தபோது, பள்ளி இருந்த மவுண்ட் தெருவில் ஒரு மாலை நின்றிருந்தேன். 1837-இல் திறந்த கட்டடம். முன்னால் உயரமான தூண்கள். தெருமுனையில் கான்கிரீட்டில் வார்த்த பெட்டிகளும் கிதார் உறைகளும் குவிந்து கிடக்கின்றன, யாரோ ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று இறக்கி வைத்ததுபோல. இப்பகுதியோடு தொடர்புடையவர்களின் பெயர்கள் அவற்றில் சீட்டுகளாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. 1985-இல் பள்ளி மூடப்பட்டுக் கட்டடம் பாழாகிக் கிடந்தது. அதை மீட்க மெக்கார்ட்னி முன்னின்றார். 1996-இல் நிகழ்த்துகலைக் கல்லூரியாகத் திறந்தது. சிறுவயதில் பாடகர் குழுவுக்குத் தன்னைத் தேர்ந்தெடுக்காத லிவர்பூல் பேராலயத்தில், 1991-இல் அவருடைய ‘லிவர்பூல் ஆரட்டோரியோ’ என்ற இசைப்படைப்பு அரங்கேறியது. “நமக்காக மட்டுமல்ல, உலகம் முழுமைக்குமாகப் பிறந்தோம்” என்ற பள்ளியின் லத்தீன் வாசகத்தை அதில் பாட வைத்தார். ஒன்றும் தராத பள்ளிக்கு யாராவது இவ்வளவு செய்வார்களா?

இந்தத் தொடர் நூலாக வருமென்று அறிவித்திருக்கிறீர்கள். அப்போது அந்தக் கடைசி வரியை எடுத்துவிட்டு, ஆலன் டர்பண்டின் பெயரை மெக்கார்ட்னியின் பெயருக்குப் பக்கத்திலேயே சேர்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
தஞ்சாவூர்