மாட்டுக்கு எத்தனை லிட்டர்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கிராமக் குடிநீர்த் திட்டங்களைப் பற்றிப் போன வாரம் நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். மேல்நிலைத் தொட்டி, மோட்டார், குழாய் நீளம், மதிப்பீட்டுத் தொகை எல்லாம் இருந்தன. எங்கள் மாதிரி ஊர்களில் கணக்கு எங்கே பிசகுகிறது என்பது மட்டும் இல்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் இருப்பது பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா, வடகரப்பதி. (சித்தூர் என்றதும் ஆந்திராவா என்பார்கள், இது கேரளச் சித்தூர்.) வீட்டிலும் கடையிலும் தமிழ்தான். கேரளம் என்றால் மழை கொட்டும் என்று வெளியூர்க்காரர்களுக்கு ஒரு நினைப்பு. மாநிலச் சராசரி வருடத்துக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர். நாங்கள் மழை மறைவில், அதாவது மலை மறித்து மழை குறைகிற பக்கம், இருக்கிறோம். எங்களுக்கு அதில் பாதிகூட வராது.

எங்கள் பக்கத்துக் குடிநீர்க் குழுவில் ஏழு வருடம் பொருளாளராக இருந்தேன். எண்பது வீடு, ஒரே ஆழ்துளைக் கிணறு. அந்தக் கிணற்றை அளக்க வந்தவர்கள் கார்த்திகை மாதம் வந்தார்கள். ஐப்பசி மழை ஓய்ந்து பத்து நாள்கூட ஆகவில்லை. தகரப் பெட்டியை வைத்து, அதன் விளிம்பில் V மாதிரி இருக்கும் வெட்டில் வழிகிற தண்ணீரின் உயரத்தைப் பார்த்து, "ரெண்டு இஞ்சுக்கு மேலே இருக்கு, தாராளம்" என்றார்கள். மணிக்கு 3,600 லிட்டர் என்று எழுதிக்கொண்டார்கள். திட்டக் கணக்கில் நாளைக்கு ஆளுக்கு 55 லிட்டர், வீட்டுக்கு ஐந்து பேர் என்றால் 275. எண்பது வீட்டுக்கு 22,000 லிட்டர். ஆறு மணி நேரம் மோட்டார் ஓடினால் போதும். காகிதத்தில் கணக்கு சரி.

பங்குனியில் அதே கிணறு பாதிதான் கொடுத்தது. அதே தண்ணீருக்கு மோட்டார் பன்னிரண்டு மணி நேரம் ஓட வேண்டும். ஐந்து குதிரைத்திறன் மோட்டார் மணிக்கு நாலு யூனிட்டுக்குக் கிட்டத்தட்ட இழுக்கும். அந்தக் கரண்ட் பில்லை எண்பது வீட்டுக்கும் பங்கு போட்டு, வாசல் வாசலாகப் போய் வசூல் செய்தவள் நான். தண்ணீர் வராத வீட்டில் எந்த முகத்தோடு காசு கேட்பது? கிணறு வற்றியது தெரியாமல் ஓடி இரண்டு முறை மோட்டாரின் கம்பிச் சுருள் கருகியது. அந்தச் செலவும் எங்கள் தலையில்தான்.

கடைசி ஏழு வீடுகள் மேட்டில் இருக்கின்றன. ரோட்டோரம் மட்டம் எடுத்தவர்கள் அந்த மேட்டில் ஏறிப் பார்க்கவே இல்லை. அங்கே குழாயைத் திறந்தால் முதலில் புஸ்ஸென்று காற்று வரும். அந்தக் காற்றுக்கே மீட்டர் சுற்றும். குடத்தை வைத்துக்கொண்டு மீட்டரையே பார்த்திருந்த ஒரு பெண், "அக்கா, காத்துக்கும் காசா?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியாமல் ரசீதை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அப்புறம் மாடு. கிராம சபையில் திட்ட அறிக்கையை மலையாளத்தில் வாசித்தார்கள். முடித்ததும் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு ஆத்தா எழுந்து, "மாட்டுக்கு எத்தன லிட்டரு?" என்றார். எல்லோரும் சிரித்தோம், நானும்தான். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டபோது சிரிப்பு நின்றது. எங்கள் பக்கம் பால் சொசைட்டிக் காசில்தான் பல வீட்டில் அடுப்பு எரிகிறது. கறவை மாடு ஒன்று வெயில் காலத்தில் 60 லிட்டருக்குக் குறையாமல் குடிக்கும். திட்டத்தில் ஒரு மனிதனுக்கு ஒதுக்கியதைவிட அதிகம்! எண்பது மாடு என்றால் 4,800 லிட்டர், மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். அறிக்கையில் மாடு இல்லை என்பதற்காக அதைத் தாகத்தோடு கட்டிப்போட முடியுமா? குடிநீர்க் குழாய்தான் மாட்டுத் தொட்டிக்கும் போகும். பிறகு "ஜனங்கள் தண்ணீரை வீணாக்குகிறார்கள்" என்று எங்கள் மேலேயே பழி.

இன்னும் ஆழமாகத் துளை போடலாமே என்பீர்கள். இந்தப் பாறையில் ஃபுளோரைடு தொல்லை உண்டு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் பல்லில் கறை விழும், பிறகு எலும்பும் கெடும். ஆற்றுத் தண்ணீர் என்றால், ஆழியாற்றிலிருந்து மணக்கடவுக்கு வருடத்துக்கு 7.25 டி.எம்.சி. வர வேண்டும் என்று தமிழ்நாட்டோடு கேரளம் செய்த பரம்பிக்குளம் – ஆழியாறு ஒப்பந்தம் சொல்கிறது. அதை நம்பித்தான் நெல்லும் தென்னையும் நிற்கின்றன. ஆனாலும் ஆற்று நீரை முதலாவதாகவும் கிணற்றை அவசரத்துக்காகவும் வைத்துத் திட்டம் போடுவதுதான் எங்கள் மண்ணுக்குச் சரி என்பது என் அபிப்பிராயம். கிணறு ஒன்றையே நம்பி இனி யாரும் எண்பது வீட்டுக்குக் குழாய் இழுக்க வேண்டாம்.

வீட்டுக்கு வீடு குடிநீர்க் குழாய் கொடுக்க 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் 2024-க்குள் முடிய வேண்டியது. இப்போது 2028 வரை நீட்டித்திருக்கிறார்கள். எத்தனை வீட்டுக்கு இணைப்பு கொடுத்தோம் என்ற எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருக்கும். உங்கள் நிருபர்கள் அடுத்த முறை அந்த எண்ணிக்கையோடு, கிணற்றை எந்த மாதம் அளந்தீர்கள் என்றும் அதிகாரிகளிடம் ஒரு வார்த்தை கேட்டு எழுதினால் நல்லது. சித்திரையில் அளந்தோம் என்று யாராவது சொன்னால் அந்த ஊர்ப் பெயரையும் போடுங்கள், நாங்கள் போய்ப் பார்த்து வருகிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வடகரப்பதி, பாலக்காடு மாவட்டம்