இரண்டாம் பருவம்: பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலாண்டு விடுமுறை முடிந்து பிள்ளைகள் எல்லோரும் நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டார்கள். ஆயுத பூஜைக்குக் கரும்பலகையில் வைத்த சந்தனப் பொட்டு இன்னும் லேசாகத் தெரிகிறது. துடைக்க யாருக்கும் மனசு வரவில்லை.

முதல் பருவத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தேர்வுகள் ஒழுங்காக நடந்தன. குறுவட்டப் போட்டியில் நம் கோகோ அணி நன்றாக ஆடியது. ஓவியத்திலும் பேச்சிலும் சிலர் பரிசு வாங்கினார்கள். தண்ணீர்த் தொட்டியைக் கழுவியாயிற்று, பெண் பிள்ளைகள் கழிப்பறைக்குப் புதுக் கதவு போட்டாயிற்று. உழைத்த எல்லோருக்கும் பாராட்டு.

சரி, இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் ஐந்தாம் வகுப்பில் பின்னக் கணக்கு நடந்துகொண்டிருந்தது. ஒரு பாப்பா மட்டும் பலகையைப் பார்க்காமல் மடியில் ஒரு நோட்டை வைத்து உதட்டை அசைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். வகுப்பாசிரியர் அவளை நோட்டோடு என்னிடம் அனுப்பினார். வாங்கிப் பார்த்தேன். பக்கத்துக்கு இருபத்தைந்து இங்கிலீஷ் சொல், எதிரே தமிழ் அர்த்தம். முத்து முத்தான கையெழுத்து. அதில் ஒரு சொல்லைத் தொட்டு, "அப்ஸ்டீமியஸ்னா என்ன கண்ணு?" என்று கேட்டேன்.

"மிதமாக உண்பவர்ங்க டீச்சர்."

"மிதம்னா?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அது இந்தப் பக்கத்துல இல்லீங்க டீச்சர்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவள் கண்ணைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது. இரண்டு கண்ணும் சிவந்து கிடந்தன. நாலரை மணிக்கு எழுப்பிவிடுகிறார்களாம். தினமும் ஐம்பது சொல். "சாயங்காலம் அப்பா கேப்பாருங்க. தப்பாப் போனா ஒவ்வொண்ணையும் பத்துத் தடவை எழுதோணுங்க." இதை அவள் குறையாகச் சொல்லவில்லை. மாட்டுக்குத் தண்ணி காட்டோணும் என்று சொல்வது போலச் சொன்னாள்.

விசாரித்ததில் இவள் ஒருத்தி மட்டும் இல்லை என்று தெரிந்தது. ஐந்திலும் எட்டிலும் இப்படிப் பலர் இருக்கிறார்கள். ராணுவத்துக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் அமராவதி நகர் சைனிக் பள்ளியின் நுழைவுத் தேர்வுக்கு இது தயாரிப்பாம். பெற்றோர்களுக்குள் ஒரு வாட்ஸ்அப் குழுவும் ஓடுகிறது. யார் பிள்ளை எத்தனை சொல் முடித்தது என்ற கணக்கு தினமும் இரவு அதில் வருகிறது என்று கேள்விப்பட்டேன்.

உங்கள் ஆசையை நான் குறை சொல்லவில்லை. 1962-இல் அந்தப் பள்ளி வந்ததிலிருந்து இந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்கு அது ஒரு கனவு. உடுமலையிலிருந்து 25 கிலோமீட்டரில், அணைக்கட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அந்தச் சீருடையைப் பார்த்தால் எனக்கே நம் பிள்ளைகள் முகம்தான் ஞாபகம் வரும். இப்போது பெண் பிள்ளைகளையும் சேர்க்கிறார்கள். தாராளமாக எழுதட்டும். நாலு பேர் தேர்வானால் முதலில் மிட்டாய் கொடுப்பது நானாகத்தான் இருப்பேன்.

ஆனால் எழுதப் போகும் தேர்வு எப்படி இருக்கும் என்று ஒரு தடவை நிதானமாகப் பார்த்திருக்கிறோமா? ஆறாம் வகுப்புச் சேர்க்கைக்கான தாளுக்கு 300 மதிப்பெண். அதில் கணக்கு மட்டும் 150. அறிவுத்திறன், பொது அறிவு, மொழி மூன்றுக்கும் தலா 50. மொழிக்கு மொத்தமே 25 கேள்வி. அதிலும் இலக்கணம், பத்தி படித்து விடை சொல்வது என்று பல வகை வரும், சொற்பொருள் ஒரு பங்குதான். இன்னொன்று, ஆறாம் வகுப்புத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். அந்த மொழிப் பகுதியும் அப்போது தமிழ்தான். இதைச் சொன்னபோது இரண்டு பெற்றோர் என்னை நம்பவில்லை. விண்ணப்பத் தகவல் ஏட்டை எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது.

ஆக, அந்தப் பாப்பா அன்றைக்கு விட்டது பின்னக் கணக்கை, பிடித்தது அப்ஸ்டீமியஸை. தாளில் பாதி மதிப்பெண் எதில் இருக்கிறது என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் விஷயம் கொஞ்சம் வேறு. ஒன்பதாம் வகுப்புச் சேர்க்கைத் தேர்வு முழுக்க இங்கிலீஷில்தான். ஆனால் அங்கும் 400-இல் கணக்கு 200, இங்கிலீஷ் 50. டேராடூன் ராணுவக் கல்லூரிக்கு (பெயர்தான் கல்லூரி, அதுவும் பள்ளிதான்) எழுத நினைக்கும் ஒன்றிரண்டு பேருக்குத்தான் இங்கிலீஷ் தாள் கனமானது, 125 மதிப்பெண். அங்கேயும் விடையைக் கோர்வையாக எழுதத் தெரிய வேண்டும். மனப்பாடம் செய்த ஆயிரம் சொல்லை வைத்துக்கொண்டு ஒரு பத்தி எழுத வராமல் முழித்த பிள்ளைகளை என் அனுபவத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சொல் படிக்கவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. படிக்கும் விதத்தைத்தான் சொல்கிறேன். எபிங்ஹாஸ் என்று ஒரு ஜெர்மன்காரர். அர்த்தமே இல்லாத அசைகளைப் பட்டியல் போட்டுத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. ஒரு நாளில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு காலி. 'மிதம்' என்றால் என்னவென்று தெரியாத பிள்ளைக்கு 'மிதமாக உண்பவர்' என்பதும் அர்த்தமில்லாத அசைதானே? விடியற்காலையில் ஏற்றியது மத்தியானச் சாப்பாட்டு மணிக்குள் இறங்கிவிடுகிறது. அதற்குத் தண்டனையாகப் பத்துத் தடவை எழுத வைத்தால் கைதான் வலிக்கும்.

அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டு வரிசையில் அவளைப் பார்த்தேன். ஆயா இரண்டாவது கரண்டி சோறு போட வந்தபோது தட்டின் மேல் கையை வைத்து, "போதுங்க" என்றாள். அங்கேயே கூப்பிட்டு, "இதுதான் கண்ணு மிதம். இப்ப நீதான் அப்ஸ்டீமியஸ்" என்றேன். சுற்றி இருந்த பிள்ளைகள் எல்லாம் சிரித்தன. மூன்று நாள் கழித்துக் கேட்டபோது, வரிசையில் நின்ற எல்லோருக்குமே அந்தச் சொல் தெரிந்திருந்தது. (ஐந்தாம் வகுப்புக்கு அந்தச் சொல் எதற்கு என்பது வேறு கேள்வி. எந்தப் போட்டித் தேர்வுப் புத்தகத்திலிருந்து எடுத்தார்களோ, அது பெரியவர்களுக்குப் போட்ட புத்தகம்.)

இன்னொன்று சொல்கிறேன். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல் தெரியாது என்பதே சரியில்லை. திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகிற அம்மாவின் பிள்ளைக்கு எக்ஸ்போர்ட் தெரியும். அப்பா நாமக்கல் லாரி ஓட்டினால் டிரான்ஸ்போர்ட் தெரியும். இரண்டிலும் வரும் 'போர்ட்' லத்தீனில் 'சுமப்பது'. வெளியே சுமந்து போனால் எக்ஸ்போர்ட், உள்ளே சுமந்து வந்தால் இம்போர்ட், அடியிலிருந்து தாங்கினால் சப்போர்ட், சேதியைத் திரும்பக் கொண்டுவந்தால் ரிப்போர்ட், கையில் சுமக்க முடிந்தால் போர்ட்டபிள். எட்டாம் வகுப்பில் இதை எழுதிப் போட்டபோது, கடைசி பெஞ்சில் இருந்த, அப்பா கோழிப் பண்ணை வைத்திருக்கும் பையன் எழுந்தான். "டீச்சர், தீவன மூட்டைல ப்ரீ-ஸ்டார்ட்டர், ஸ்டார்ட்டர், ஃபினிஷர்னு போட்டிருக்குமுங்க. அந்த ப்ரீயும் இப்படித்தானுங்களா?" என்றான். அப்படித்தான். ப்ரீ என்றால் முன்னால். குஞ்சுக்கு முதலில் போடுவது ப்ரீ-ஸ்டார்ட்டர். ப்ரீபெய்ட் என்றால் முன்னாலேயே பணம் கட்டியது. அந்தப் பையன் நுழைவுத் தேர்வு எதுவும் எழுதப் போவதில்லை. அன்றைக்கு வகுப்பிலேயே பெரிய இங்கிலீஷ்காரன் அவன்தான்.

சில சொற்கள் நம்மிடமிருந்தே போனவை. காங்கேயம் பக்கம் கல் தோண்டுகிறவர்களுக்குக் குருந்தக்கல் தெரியும். மாணிக்கமும் நீலமும் அந்த வகைதான். இங்கிலீஷில் அதற்குப் பெயர் கோரண்டம், தமிழிலிருந்து போனது. நொய்யல் கரையில் கொடுமணலில் தோண்டியபோது பழங்காலத்தில் மணிக்கல் பட்டை தீட்டிய பட்டறைகளின் தடயமே கிடைத்திருக்கிறது. ஒரு பிள்ளையின் நோட்டில் 'கோரண்டம்: ஒரு கனிமம்' என்று இருந்தது. அந்தப் பிள்ளையின் அப்பிச்சி ஊர் காங்கேயம் பக்கத்துச் சிவன்மலை!

இனி கொஞ்சம் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

செப்டம்பரில் ஒரே நாளில் நான்கு விடுப்புக் கடிதம் வந்தது. நான்கிலும் காய்ச்சல். மறுநாள் நான்கு பேரும் வந்து, பயிற்சி மையத்தில் மாதிரித் தேர்வு எப்படி இருந்தது என்று என் அறை வாசலிலேயே பேசிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளுக்குப் பொய் சொல்ல வராது. அதை வீட்டில் சொல்லிக்கொடுக்க வேண்டாம். பயிற்சிக்குப் போக வேண்டுமானால் சனி, ஞாயிறு போகட்டும். வேலை நாளில் அப்படிப் போனால் இனி விடுப்பு ஏற்கப்படாது. பாட நேரத்தில் சொற்பட்டியல் நோட்டு வெளியே வந்தால் வாங்கி வைத்துவிடுவோம், பெற்றோர் நேரில் வந்துதான் பெற்றுக்கொள்ள வேண்டும். சொல் மறந்ததற்காக அடித்த தழும்போடு ஒரு பிள்ளை பள்ளிக்கு வந்தால், அதை நான் வீட்டு விஷயம் என்று விடமாட்டேன். இதில் யாருக்கும் விலக்கு இல்லை.

எங்கள் மேலும் தவறு உண்டு. ஜூன், ஜூலையில் கரும்பலகை ஓரத்தில் தினமும் பத்துச் சொல் என்று எழுதிப் போட ஆரம்பித்தது நாங்கள்தான். நல்ல யோசனை என்று சொன்னதும் நான்தான். பள்ளியே பத்துப் போட்டால் வீடு ஐம்பது போடாமல் என்ன செய்யும்? அதை நிறுத்திவிட்டோம். இப்போது வாரத்துக்கு ஒரு கதை, அதிலிருந்து பிள்ளைகளே எடுக்கும் ஏழெட்டுச் சொல். அதே சொற்கள் அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் பேச்சில் திரும்ப வருமாறு ஆசிரியர்கள் பார்த்துக்கொள்வார்கள். நுழைவுத் தேர்வு எழுதுகிறவர்களுக்குச் செவ்வாய், வியாழன் மாலை நாலு மணியிலிருந்து ஐந்து வரை கணக்கும் அறிவுத்திறனும் தனியாக எடுக்கிறோம். கட்டணம் கிடையாது. கூட்டிப் போக மட்டும் ஐந்து மணிக்கு ஆள் வந்துவிட வேண்டும்.

வீட்டில் ஒரே ஒரு உதவி போதும். இரவு சாப்பாட்டுக்கு முன் இருபது நிமிடம், நூலகத்திலிருந்து கொண்டுவரும் கதைப் புத்தகத்தைப் பிள்ளை சத்தமாகப் படிக்கட்டும். முடித்ததும் கதையை உங்களுக்குத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாவிட்டால் இன்னும் நல்லது, அப்போதுதான் புரியும்படி சொல்லும். அப்புறம் ஒன்பது மணிக்குத் தூங்க விடுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு ஒன்பது மணி நேரமாவது தூக்கம் வேண்டும்.

அந்தப் பாப்பாவின் அப்பா திங்கட்கிழமை என்னை வந்து பார்த்தார். நான் எட்டாவதோடு நின்றவனுங்க, இவளாவது எங்க போனாலும் தலை நிமுந்து பேசோணும்னுதானுங்க என்றார். அதற்கு மேல் நான் என்ன சொல்ல? டீ குடித்துவிட்டு, நோட்டை வாங்கிச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு போனார். நேற்று அவள் ஏழு மணிக்கு எழுந்தாளாம்.

ஷிப்ட் முடிந்து வந்து, பால் கறந்து, தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டு, அதற்கு மேலும் பிள்ளையின் நோட்டைத் திறந்து பார்க்கும் பெற்றோர்கள் நீங்கள். நுழைவுத் தேர்வு எழுதினாலும் எழுதாவிட்டாலும் எங்களுக்கு உங்கள் ஒத்துழைப்பு வேண்டும். இதுவரை கொடுத்து வந்ததற்கு எல்லா ஆசிரியர்கள் சார்பிலும் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியை

பின்குறிப்பு: செவ்வாய், வியாழன் வகுப்புக்குப் பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கீழே உள்ள துண்டில் கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடவும். நூலகத்திலிருந்து கோடை விடுமுறைக்குக் கொண்டுபோன படக்கதைப் புத்தகங்கள் சில இன்னும் வரவில்லை. அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, அனுப்பி வையுங்கள்.