பேய்க்கதையைக் காதால் கேட்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன வாரம் இங்கே மின்சாரம் போய், விடாமல் மழை பெய்த ஓர் இரவில், அயர்லாந்து எழுத்தாளர் ஷெரிடன் லெ ஃபனு, கார்மில்லா என்ற இரத்தம் குடிக்கும் பெண்பேயைப் பற்றி எழுதிய 'கார்மில்லா' குறுநாவலை ஒலிப்புத்தகமாகக் கேட்டேன். லிப்ரிவாக்ஸ் என்ற ஒலிப்புத்தக இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, ஆங்கிலத்தில்தான். 1872இல் நூலாக வந்தது, டிராகுலா நாவலுக்கு 25 வருடம் மூத்தது. ஆஸ்திரியாவின் ஸ்டிரியாவில், காட்டுக்கு நடுவே ஒரு கோட்டையில் நடக்கிற கதை என்றாலும், லாரா என்ற பெண்ணே தனக்கு நடந்ததைச் சொல்வதால் யாரோ பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேசுவதுபோலவே இருந்தது. வருடங்கள் கழிந்தும் அறை வாசலில் கார்மில்லாவின் காலடி கேட்பதாகத் தோன்றுகிறது என்று அவள் முடிக்கிற இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. வெளியே தகரத்தில் மழைச் சத்தம்தான், சரி, ஆனாலும் கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் எங்கள் அம்மாயி முனி கதை சொல்லும்போதும் இப்படித்தான், விளக்கைக் குறைத்து, குரலைத் தாழ்த்தித்தான் தொடங்குவார். அந்தக் குரலை யாரும் பதிவுசெய்து வைக்கவில்லை. உங்கள் பத்திரிகை இப்படியான கதைகளைத் தமிழில் வாசிக்கவைத்து, மலையகப் பாட்டிமார் சொல்லும் கதைகளையும் அவர்கள் குரலிலேயே பதிவுசெய்து வெளியிடுமா? வாசித்துக் கொடுக்க நான் தயார்.

இப்படிக்கு,
வாசகி, தலவாக்கலை