குறிகட்டுவான் கடலில் எங்களுடன் நின்றவர்களுக்கு

எங்கள் வள்ளத்தைச் செலுத்திய மதிப்புக்குரிய தண்டையல் ஐயாவுக்கும், எங்கள் வள்ளத்தில் வந்த தம்பிக்கும், மற்ற இரண்டு வள்ளங்களிலும் வந்த ஐந்து பேருக்கும், நெடுந்தீவுக் கடற்றொழிலாளர் இருவருக்கும், மாவிலித்துறைக்குக் கிட்ட இருக்கும் அந்த வீட்டு அக்காவுக்கும்,

அன்று பாய்வள்ளங்களில் நெடுந்தீவுக்குப் போய் இறங்குதுறையில் கால் வைத்ததும் எனக்கு நடுக்கம் பிடித்துவிட்டது. ஒருவருக்கும் ஒழுங்காக நன்றி சொல்லவில்லை. மறுநாள் பயணிகள் படகில் திரும்பி ஆளுக்கொரு பக்கம் போய்விட்டோம். உங்களில் சிலருடைய முழுப்பெயர்கூட எனக்குத் தெரியாது. அதனால்தான் எல்லோருக்குமாகப் பொதுவில் எழுதுகிறேன்.

விடிய 6 மணிக்குப் புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையில் பாய் விரிப்பதாகப் பேச்சு. யாழ்ப்பாணத்திலிருந்து நான் வந்து சேர 8.30 ஆகிவிட்டது. சித்திரை வருடப்பிறப்பு முடிந்த கிழமை; வடகிழக்கு வாடை ஓய்ந்து, தென்மேற்குச் சோளகக் காற்று இன்னும் நிலைக்காத காலம். கடல் குளம்போலக் கிடந்தது. ஐயா மட்டும் தென்மேற்கைப் பார்த்தபடியே இருந்தார். "வெயில் ஏறக் காத்து எழும்பும், பிள்ளை. லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டு" என்றார். என்னால் போன அந்த இரண்டரை மணி நேரத்துக்கு உங்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். நேரத்துக்குப் புறப்பட்டிருந்தால் காற்று எழும்ப முன்னமே தீவில் இறங்கியிருப்போம்.

புறப்படும்போது ஐயா ஒரு பிடி நித்தியகல்யாணிப் பூவைக் கடலில் விட்டார். 1985 மே 15இல் குமுதினிப் படகில் கொல்லப்பட்டவர்களுக்கு. அவர்கள் வந்த பாதையும் இதுதான். கொஞ்ச நேரம் எவரும் பேசவில்லை.

பயணிகள் படகுக்கு இது ஒரு மணி நேர ஓட்டம். பாயில் போகிறவர்களுக்கு அப்படியல்ல. தீவு கிடப்பது தென்மேற்குப் பக்கம், சோளகமும் அங்கிருந்தேதான் வரும். பாயை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றிக் கோணல்கோணலாக ஏறவேண்டும். இந்தக் கடலில் ஆழம் குறைவு. காற்று எழும்பினால் அலை நீண்டு வராமல், குட்டையாக, செங்குத்தாக, ஒன்றின் முதுகில் ஒன்றாக வரும். பாதி வழியில் அப்படித்தான் வந்தது.

10.30 இருக்கும். எங்கள் சுக்கானைத் தாங்கிய இரும்புக் கொளுக்கி முறிந்தது. வள்ளம் அலைக்குக் குறுக்கே திரும்பி ஒரு பக்கம் தண்ணீர் அள்ளியது. "தாமானை இளக்கு, பிள்ளை!" என்ற குரல் கேட்டிராவிட்டால் பாயோடு கவிழ்ந்திருப்போம். பாயை இழுத்துப் பிடிக்கும் அந்தத் தாமான் கயிறு உள்ளங்கையை உரித்துக்கொண்டு ஓடியது. ஐயா, எழுபதைத் தாண்டிய நீங்கள் சவள் துடுப்பைப் பின்பக்கம் ஊன்றி, அதையே சுக்கானாக்கி, வள்ளத்தின் முன்பக்கமான அணியத்தை அலைக்கு நேரே திருப்பினீர்கள். தம்பி, நீ வெட்டிய எண்ணெய்க் கானால் தண்ணீர் இறைக்கத் தொடங்கினாய். கரை சேரும்வரை நிமிர்ந்தே பார்க்கவில்லை.

முன்னால் போன இரண்டு வள்ளங்களிலும் இருந்தவர்களே, உங்களுக்குத்தான் இதை முக்கியமாக எழுத நினைத்தேன். நீங்கள் எங்களைவிட நன்றாக ஏறிவிட்டிருந்தீர்கள். தீவின் பனைகள் தெரிந்தன. எங்கள் பாய் இறங்கியதைக் கண்டதும் அவ்வளவு பாடுபட்டு ஏறிய தூரத்தை விட்டுவிட்டுத் திரும்பி ஓடிவந்தீர்கள். எங்கள் நங்கூரம் பிடிக்காமல் இழுபட்டுக்கொண்டிருந்தது. நீங்கள் காற்றுப் பக்கமாக நின்று உங்கள் இரண்டு நங்கூரங்களையும் போட்டுக் கயிறு எறிந்தீர்கள். இரண்டு தரம் தவறியது. மூன்றாம் தரம் அணியத்தில் விழுந்தது. ஆழம் குறைவாக இருந்ததால்தான் அலை எங்களை அப்படி அடித்தது. அதனால்தான் உங்கள் நங்கூரமும் நிலம் பிடித்தது.

பாய் இறக்கிய வள்ளம் எப்படி ஆடும் என்று எனக்குத் தெரியும். உங்களில் ஒருவர் சத்தி எடுத்தபடியே எங்கள் கயிற்றைப் பிடித்திருந்தார். உங்கள் வள்ளத்தில் கைத்தொலைபேசியைப் பொலித்தீனில் சுற்றி வைத்திருந்த அக்கா, தீவிலுள்ள உறவினரை விடாமல் அழைத்துக்கொண்டேயிருந்தார். ஐயா அந்த நேரத்தில் எங்களுக்கு அன்னபூரணியின் கதை சொன்னார்: வல்வெட்டித்துறையில் கட்டி, 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை பாய்விரித்துப் போன கப்பல். அந்தப் பயணத்தின் துறைமுகங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். எங்கள் கண்ணை அலையிலிருந்து எடுக்கத்தான் சொல்கிறார் என்று அப்போதே விளங்கியது. நிறுத்தாமல் கேட்டோம்.

நெடுந்தீவு அண்ணைமாரே, விரித்த வலையில் பாதியை இழுக்காமலே எங்களிடம் வந்தீர்கள் என்று பிறகுதான் அறிந்தேன். எங்களைக் கட்டியிழுத்து மாவிலித்துறையில் சேர்த்தீர்கள். எண்ணெய்க் காசு நீட்டியபோது, "கடலிலை கண்டிட்டு விட்டிட்டுப் போறதோ? கொண்டுபோங்கோ" என்றீர்கள். அன்று உங்களுக்குப் பிழைப்பு பாதி போனது. அதை நான் மறக்கவில்லை.

மாவிலித்துறை வீட்டு அக்கா, உங்கள் பவளக்கல் மதிலடியில் இருந்து குடித்த தேத்தண்ணியும் பனங்கட்டியும் இப்போதும் நாவில் இருக்கிறது. அதைவிடப் பெரிது அந்த இரண்டு வாளித் தண்ணீர். கிணறுகள் உவர்ப்பாகிப்போன தீவில், குடிக்க எடுத்துவைத்த நல்ல தண்ணீரில் எங்கள் மேலிலிருந்த உப்பைக் கழுவச் சொன்னீர்கள். நான் வேண்டாம் என்றேன். நீங்களே என் கையைப் பிடித்துக் காயத்தில் ஊற்றினீர்கள்.

எறிந்த கயிறு என்னிடம்தான் இருக்கிறது. அவசரத்தில் என் பைக்குள் வந்துவிட்டது. உப்புப் போகக் கழுவி, நிழலில் காயவைத்துச் சுற்றி வைத்திருக்கிறேன். சோளகம் ஓய்ந்த பிறகு, ஐப்பசி மழைக்கு முன், குறிகட்டுவானுக்குக் கொண்டு வருவேன். நாளைச் சொல்லி அனுப்புங்கள். விடிய 5.30க்கே அங்கு நிற்பேன்.

என்றும் நன்றியுடன்,
மூன்றாம் வள்ளத்தில் தாமான் பிடித்தவள்