ஆடிப்பதினெட்டு வரைக்கும் பொறு

சேலம், ஜூன் 22

கண்ணு,

பாப்பாவுக்கு இப்போதே கூழ் கொடுக்கலாமா என்று நேற்று ராத்திரி நீ போனில் கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. இங்கே அப்பா டிவி சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தார், அந்தப் பக்கம் பாப்பா அழ ஆரம்பித்துவிட்டாள். அதோடு, போனில் நான் எதைச் சொன்னாலும் உனக்கு அது "அம்மாவும் ஆரம்பிச்சுட்டா" என்றுதான் கேட்கும். அதனால் எழுதிவிடுகிறேன். பாப்பாவைத் தூங்க வைத்துவிட்டு படுத்துக்கொண்டே படி.

26 வாரம் லீவில் நாலு வாரத்தை பிரசவத்துக்கு முன்னாலேயே எடுத்துவிட்டாய். ஜூலை 7 அன்று ஆபீஸ் போகணும். அன்றைக்குப் பாப்பாவுக்கு ஐந்து மாதமும் நாலு நாளும். அதற்குள் ராகிக் கூழ் பழக்கிவிட்டால் விட்டுவிட்டுப் போக வசதி என்று நீ நினைக்கிறாய். உன் மாமியார், ஆனியிலேயே சோறு ஊட்டிவிடலாம், ஆடி பிறந்துவிட்டால் நல்ல காரியம் செய்யக் கூடாது, பெண் குழந்தைக்கு ஒற்றைப்படை மாதம்தான், இப்போது ஐந்தாம் மாதம்தானே நடக்கிறது என்கிறார்கள். பாப்பாவோ நீங்கள் சாப்பிடும்போது வாய் பார்க்கிறாள், ராத்திரி மூன்று தடவை எழுந்திருக்கிறாள். இத்தனையும் சேர்த்து வைத்துக்கொண்டு "கொடுக்கலாமாம்மா" என்று கேட்கிறாய்.

வேண்டாம் சாமி. ஆகஸ்ட் 3 வரைக்கும் பொறு.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று கேட்டால், உன்னை வைத்தே தப்புப் பண்ணினவள் என்கிற யோக்கியதைதான். இதுவரை உன்னிடம் முழுசாகச் சொன்னதில்லை. உனக்கு மூன்று மாதம் முடிந்தபோது உன் அப்பத்தா "பால் பத்தலை, பிள்ளை இளைச்சுப் போச்சு" என்று தினமும் சொல்ல, எனக்கும் அப்படித்தான் தோன்ற ஆரம்பித்துவிட்டது. இருபத்திரண்டு வயதில் யார் சொன்னாலும் நம்பிவிடுகிற புத்திதானே. கடையில் டின் மாவு வாங்கி, சுடுதண்ணீரில் கரைத்து, பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாரம் நன்றாகக் குடித்தாய், ராத்திரியெல்லாம் தூங்கினாய், அப்பத்தாவுக்குப் பெருமை தாங்கவில்லை. எட்டாம் நாள் பேதி. அதற்கடுத்த நாள் உச்சிக்குழி பள்ளமாகிவிட்டது, அழுதால் கண்ணில் தண்ணீர் வரவில்லை. ஆஸ்பத்திரியில் உன் கையில் நரம்பு கிடைக்காமல் தலையில் ஊசி குத்தி டிரிப் ஏற்றினார்கள். பாட்டிலைச் சரியாகக் கொதிக்க வைக்காததும் காரணம், அந்த வயதில் பாலைத் தவிர வேறு எதையும் உள்ளே அனுப்பியதும் காரணம். மூன்று நாள் நான் சோறு தின்னவில்லை.

உன் விஷயத்தில் சூடு பட்ட பயத்தில் உன் தம்பிக்கு நேர் எதிராகப் பண்ணினேன். பத்து மாதம் வரை வெறும் தாய்ப்பால். கொழுகொழுவென்றுதான் இருந்தான், அதனால் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் தவழ்ந்து போய் சுவரைச் சுரண்டிச் சுண்ணாம்பைத் தின்ன ஆரம்பித்தான். கண் இமையை இழுத்துப் பார்த்த டாக்டர் வெளுத்துக் கிடக்கிறது என்று இரத்தம் எடுத்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் எட்டு. குழந்தை வயிற்றில் இருக்கும்போதே கடைசி மாதங்களில் சேர்த்துக்கொண்டு வருகிற இரும்புச்சத்து சுமார் ஆறு மாதம்தான் தாங்கும், தாய்ப்பாலில் அது கொஞ்சம்தான், அதற்கு மேல் சாப்பாட்டில் இருந்துதான் வரணும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஒன்றுக்கு அவசரப்பட்டேன், ஒன்றுக்குத் தள்ளிப் போட்டேன். இரண்டுக்கும் தண்டம் கட்டினது நீங்கள்.

அந்தக் காலத்தில் நாலு மாதம் என்பதுதான் பேச்சு, அப்பத்தாவை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. 1992ல் வந்த குழந்தை உணவுச் சட்டத்திலேயே நாலு மாதத்துக்கு மேல் என்றுதான் இருந்தது. 2001ல் உலக சுகாதார நிறுவனம் ஆறு மாதம் முழுக்கத் தாய்ப்பால் மட்டும் என்று சொன்னது, 2003ல் நம் சட்டத்தையும் ஆறு மாதம் என்று மாற்றினார்கள். உன் மாமியார் வளர்த்ததும் அந்தப் பழைய கணக்கில்தான். அவர்களை எதிர்த்துப் பேசாதே.

அவர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன், எப்படிப் பேசுவது என்றும் யோசித்துவிட்டேன். காலண்டரை எடுத்துப் பார். பாப்பா பிறந்தது பிப்ரவரி 3. ஆகஸ்ட் 3 அன்று ஆறு மாதம் முடிந்து ஏழாம் மாதம் பிறக்கிறது. ஏழு ஒற்றைப்படை, ஆயிற்றா? அன்றைக்குத்தான் ஆடிப்பதினெட்டு. ஆடியில் எதையும் தொடங்கக் கூடாது என்கிறவர்கள்கூட அன்றைக்குத் தாலிக்கயிறு மாற்றுவார்கள், நகை வாங்குவார்கள், விதை போடுவார்கள். அதுவும் இல்லாமல் ஆடி முழுக்க அம்மனுக்கு ஊற்றுகிறது என்ன, கேழ்வரகுக் கூழ்தானே! கோட்டை மாரியம்மன் குடிக்கிறதை நம் பாப்பா குடித்தால் என்ன குறை என்று கேட்டால் சம்பந்தியம்மா சிரித்துவிடுவார்கள், எனக்கு அவர்களைத் தெரியும். ஊரைக் கூட்டிச் சோறு ஊட்டுகிற விசேஷத்தை ஆவணியில் நல்ல முகூர்த்தம் பார்த்து வைத்துக்கொள்ளட்டும், அப்போதும் ஏழாம் மாதம்தான் நடந்துகொண்டிருக்கும்.

தேதியை மட்டும் பார்த்து வாயில் திணிக்காதே, பிள்ளையையும் பார். இடுப்பில் கை கொடுத்தால் உட்காருகிறாளா, தலை ஆடாமல் நிற்கிறதா, கையில் கிடைத்ததை நேராக வாய்க்குக் கொண்டுபோகிறாளா. அப்புறம் நாக்கு. மடியில் உட்கார வைத்து, கழுவின வெறும் ஸ்பூனைக் கீழ் உதட்டில் வை. இப்போது வைத்தால் நாக்கால் வெளியே தள்ளுவாள். அது அடம் இல்லை, பாலைத் தவிர எதுவும் தொண்டைக்குள் போய் அடைத்துவிடக் கூடாது என்று பிறக்கும்போதே வந்த காவல். அந்தத் தள்ளல் நின்று வாயைத் திறந்தால் தயார். வாய் பார்ப்பதை வைத்து ஒன்றும் முடிவு பண்ண முடியாது, இந்த வயதில் அவள் மின்விசிறியையும் அப்படித்தான் வாயைப் பிளந்து பார்ப்பாள். ராத்திரி எழுந்திருப்பதும் பசியால் மட்டும் இல்லை. கூழ் கொடுத்தால் விடிய விடியத் தூங்குவாள் என்று யாராவது சொன்னால் நம்பாதே, நீ தூங்கின அந்த ஒரு வாரம் எதில் முடிந்தது என்று மேலே எழுதியிருக்கிறேன்.

சரி, ஆபீஸ். ஜூலை 7க்கும் ஆகஸ்ட் 3க்கும் நடுவில் 27 நாள். இந்த 27 நாளுக்குத்தான் இவ்வளவு பேச்சும். பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டுப் போ. வெளியே நாலு மணி நேரம், ஃபிரிட்ஜில் ஒரு நாள் என்று கணக்கு வைத்துக்கொள். சுடுதண்ணீர்ப் பாத்திரத்தில் வைத்துத்தான் குளிர்ச்சியைப் போக்கணும், அடுப்பிலோ மைக்ரோவேவிலோ வைக்காதே. சின்ன டம்ளரிலோ பாலாடையிலோ புகட்டலாம், பாட்டில் வேண்டாம். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்கணும், ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் பார்க்க விடணும் என்று லீவைக் கூட்டினபோதே சட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள். உன் ஆபீசில் வாய் விட்டுக் கேள். கேட்காமல் யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள்.

ராகியை நான் தயார் பண்ணி எடுத்து வருகிறேன். ராத்திரி ஊற வைத்து, காலையில் வடித்து, அப்பாவின் பழைய வேட்டித் துணியில் முடிந்து கொடிக்கம்பியில் தொங்கவிட்டிருக்கிறேன், நாளைக்கு வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கும். நிழலில் உலர்த்தி, லேசாக வறுத்து, மிஷினில் கொடுத்து அரைத்துச் சலிக்கணும். மிஷின்காரரிடம் எங்களுக்கு முன்னால் மிளகாய் அரைக்காத நேரமாகச் சொல்லு என்று கேட்டு வைத்திருக்கிறேன். மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டி தட்டாமல் கரைத்து, சின்னத் தீயில் கைவிடாமல் கிண்டு. சாம்பல் நிறம் போய் சாக்லேட் நிறத்தில் பளபளவென்று வரும், பச்சை வாசனை போயிருக்கும், அதுதான் பதம். தண்ணியாக வேண்டாம். ஸ்பூனைச் சாய்த்தால் சட்டென்று ஓடாமல் சோம்பேறித்தனமாக நகரணும். முதலில் இரண்டு ஸ்பூன், அதுவும் பால் குடித்த பிறகு. ஒரு புதுச் சாப்பாடு கொடுத்தால் மூன்று நாள் அதையே கொடுத்துப் பார், அப்புறம் அடுத்தது. பாசிப்பருப்பும் சோறும் குழைத்து நெய் விட்டு, மசித்த கீரை, வேகவைத்த முட்டை என்று சீக்கிரமே போய்விடலாம், இரும்புச்சத்துக்கு ராகியை மட்டும் நம்பி உட்காராதே. ஏற்காட்டு எஸ்டேட்டில் இருந்து சித்தி சீசனில் பட்டர் ஃப்ரூட் அனுப்புவாள், அதை அப்படியே மசித்துக் கொடுக்கலாம். தாய்ப்பாலை நிறுத்திவிடாதே, இரண்டு வயது வரை அதுவும் கூடவே போகட்டும்.

ஜவ்வரிசிக் கஞ்சி கொடு என்று நம் ஊர்க்காரர்கள் நிச்சயம் சொல்வார்கள். சேலத்தில் பிறந்துவிட்டு ஜவ்வரிசியைக் குறை சொன்னால் என்னை ஊரை விட்டே விரட்டுவார்கள், ஆனால் அது குச்சிக்கிழங்கு மாவுதான், அதில் மாவுச்சத்தைத் தவிர பெரிதாக ஒன்றும் இல்லை. எப்போதாவது சரி, தினமும் அதுவே என்றால் வயிறு ரொம்பும், இரத்தம் ஊறாது. ஒரு வயது வரை தேன் நாக்கில்கூடத் தடவக் கூடாது. உப்பு, சர்க்கரை, வெல்லம் எதுவும் போடாதே, உனக்குச் சப்பென்று இருந்தால் பரவாயில்லை, அவளுக்கு அது தெரியாது. பசும்பாலைக் குடிக்கக் கொடுப்பதும் ஒரு வயதுக்கு மேல்தான். வசம்பு உரசிக் கொடுப்பதை உன் மாமியாரும் விட்டுவிட்டதாகச் சொன்னாய், நல்லது.

டிக்கெட் ஜூலை 4க்குப் போட்டாயிற்று, ஆடிப்பதினெட்டு முடிந்துதான் திரும்புவேன். அப்பா இரண்டு வாரம் தனியாக இருந்துவிட்டு அப்புறம் வருகிறாராம், தோசை மாவுக்கு என்ன பண்ணுவார் என்று தெரியவில்லை. செவ்வாய்ப்பேட்டைக்குப் போய் வெள்ளிக் கிண்ணமும் ஸ்பூனும் வாங்கி வைத்துவிட்டார், என்னிடம்கூடக் கேட்கவில்லை. கிண்ணத்தில் பேர் வெட்டணுமாம். முழுப் பேரா, கூப்பிடுகிற பேரா என்று உன்னிடம் கேட்டு எழுதச் சொன்னார். சனிக்கிழமைக்குள் சொல்லிவிடு.

அம்மா