உன் காரின் ஹெட்லைட்டைப் பற்றி

அன்பு மகளுக்கு,

போன வாரம் ராத்திரி உன் பக்கத்தில் உட்கார்ந்து வந்ததிலிருந்து ஒன்று மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. போனில் சொன்னால் "சரிப்பா, பார்க்கிறேன்" என்பாய், அதோடு மறந்துபோவாய். அதனால் எழுதுகிறேன்.

வழியெல்லாம் எதிரே வந்தவர்கள் லைட்டை அடித்து அடித்துக் காட்டினார்கள். "நான் லைட்டைத் தாழ்த்தி லோ பீமில்தானே போறேன், இவங்களுக்கு என்ன?" என்று உனக்குக் கோபம் வந்தது. அவர்கள் மேல் தப்பே இல்லையம்மா. வலது பக்க வெளிச்சம் மரக்கிளையில் போய் விழுந்தது, இடது பக்கமோ மஞ்சளாக, பம்பருக்கு முன்னால் நாலடியில் படுத்துக் கிடந்தது. அவர்கள் கண் கூசியது, உனக்கோ சாலை தெரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மங்கியதால் உன் கண்ணும் அதற்குப் பழகிவிட்டது.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாரே ஒருவர், கறுப்புச் சட்டை போட்டவர், அவரை நீ பார்த்ததும் பிரேக்கை மிதித்ததும் ஒரே நேரத்தில் நடந்தது. மணிக்கு 80 கிலோமீட்டரில் போனால் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் ஓடிவிடும். பார்த்து, புரிந்து, காலை பிரேக்குக்குக் கொண்டுபோக ஒன்றரை நொடி என்று வை, அதற்குள் 33 மீட்டர் போயாச்சு, அப்புறம் காய்ந்த சாலையில்கூட நிற்க இன்னும் 30 மீட்டருக்கு மேல் வேண்டும். நன்றாக இருக்கும் லோ பீமே ஏறக்குறைய 50, 60 மீட்டர்தான் காட்டும். உன்னுடையது அதில் பாதிகூட இருக்காது.

முதலில் லைட்டின் மேல்மூடியைப் பார். அது கண்ணாடி இல்லை, பிளாஸ்டிக், வெயில் பட்டுப் பட்டு மஞ்சளாகிப் புகை படிந்த மாதிரி ஆகிவிடும். பாலிஷ் போட்டால் தெளியும், ஆனால் வெயிலைத் தாங்கும் பூச்சும் கூடவே அடிக்கச் சொல், இல்லாவிட்டால் சீக்கிரமே பழையபடி ஆகிவிடும். பல்பை மாற்றினால் இரண்டையும் சேர்த்தே மாற்று. ஹாலஜன் பல்பின் கண்ணாடியில் விரல் படக் கூடாது, கை எண்ணெய் பட்ட இடம் சூடேறி பல்பு சீக்கிரம் போய்விடும். பளிச்சென்று இருக்கும் என்று யாராவது ஹாலஜன் பல்புக்கான கூட்டுக்குள் எல்இடி பல்பைச் செருகச் சொன்னால் தயவுசெய்து கேட்காதே, வெளிச்சம் கண்டபடி சிதறி எதிரே வருபவர் கண்ணைத்தான் குத்தும்.

அப்புறம் கோணம். டயரில் காற்று சரியாக இருக்கட்டும். சமமான தரையில், சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்தி, விளக்கின் நடு உயரத்தைச் சுவரில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள். லோ பீமின் மேல் விளிம்பு அந்தக் குறிக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். உன் வண்டிக்கான சரியான அளவு கையேட்டில் இருக்கும். கோணத்தைச் சரிசெய்யும் திருகைத் திருப்ப வராவிட்டால் மெக்கானிக்கிடம் கொடு. டிக்கியில் சுமை ஏற்றினால் முன்பக்கம் தூக்கி வெளிச்சமும் மேலே போகும், ஸ்டியரிங் பக்கத்தில் 0, 1, 2 என்று ஒரு சக்கரம் இருந்தால் அதைத் திருப்பி வெளிச்சத்தைக் கீழே இறக்கு. முன் கண்ணாடியை உள்பக்கமும் துடை, அங்கே படியும் மெல்லிய படலம்தான் ராத்திரியில் வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது.

இதெல்லாம் முடியும் வரை இருட்டுவதற்குள் வீடு வந்து சேர். சரிசெய்த அன்று சுவரில் விழும் வெளிச்சத்தை ஒரு படம் எடுத்து அனுப்பு, பார்க்கிறேன்.

அப்பா