மதுரை–போடி ரயில் பாதையை மீட்டுத் தந்தவர்களுக்கு

வணக்கம்.

மதுரை–போடிநாயக்கனூர் மீட்டர்கேஜ் வண்டி, பாதையை அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2010-ஆம் ஆண்டோடு நின்றது. தேனிக்கு அகல ரயில் வர 2022 மே ஆயிற்று. போடிக்கு வந்து சேர்ந்தது 2023 ஜூன் 15-இல். 90 கிலோமீட்டருக்குப் பன்னிரண்டரை ஆண்டு! விழா மேடையில் சால்வை வாங்க வேண்டியவர்கள் வாங்கிவிட்டார்கள். இந்த மடல் மேடை ஏறாதவர்களுக்கு.

முதல் நன்றி, ஆண்டிபட்டி கணவாயில் பாறை உடைத்தவர்களுக்கு. அங்கே மலையைக் குடைந்த பழைய வெட்டு, மீட்டர்கேஜ் வண்டிக்கென்று அளந்து வெட்டியது. இரு தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட 1,000 மில்லிமீட்டர், அகலப்பாதையில் 1,676 ஆனால் கூடுவது இரண்டேகால் அடிதானே என்று தோன்றும். பெட்டியின் அகலம், ஓர வாய்க்கால், ஆள் ஒதுங்க இடம் எல்லாம் சேர்ந்தால் பாறையை வெட்டித்தான் ஆக வேண்டும். துளை போட்டு, அளவாக மருந்து வைத்து, வெடித்ததை அள்ளுவது பாதி வேலை. வெடி அதிர்வில் விரிசல் விட்டும் விழாமல் தொத்திக்கொண்டிருக்கும் கல்லைக் கடப்பாரையால் நெம்பித் தள்ளுவது மீதி. அதைச் சோம்பலில் விட்டால், ஐப்பசி மழையில் விரிசலுக்குள் தண்ணீர் இறங்கி, கல் தானாகவே தண்டவாளத்துக்கு வந்துவிடும்.

அடுத்து மண் வேலை பார்த்தவர்கள். பழைய கரையின் சரிவில் புது மண்ணை அப்படியே கொட்டினால் இரண்டும் ஒட்டாது. நாலு மழை கண்டதும் புதுசு தனியாக வழுக்கி இறங்கும். அதனால் சரிவைப் படிப்படியாக வெட்டி, மண்ணை ஓரடிக்கு மிகாத அடுக்காகப் பரப்பி, ஈரம் பார்த்து ரோலர் ஓட்ட வேண்டும். வேலை முடிந்தபின் யார் கண்ணிலும் படாத வேலை இது. வண்டி ஆடாமல் போனால் அதுதான் சாட்சி.

தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் சிலிப்பர் கட்டை கிலோமீட்டருக்கு 1,660 என்பது அகலப்பாதையின் இன்றைய வழக்கம். ஒவ்வொன்றும் கால் டன்னுக்கு மேல் கனக்கும் கான்கிரீட். தண்டவாளத்தைக் கட்டையோடு இறுக்கிப் பிடிக்கும் கிளிப், கட்டைக்கு நான்கு. 90 கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டால் ஏறத்தாழ ஆறு லட்சம் கிளிப்! ஒவ்வொன்றையும் சுத்தியலால் அடித்து ஏற்றிய கைகளுக்கு நன்றி.

தண்டவாளத் துண்டுகளை ஒட்டவைக்கும் தெர்மிட் வெல்டிங் ஆட்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டு தண்டவாள முனைக்கு நடுவே 25 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, அச்சு கட்டி, முனைகளைச் சூடேற்றி, உருகிய இரும்பை இறக்குவார்கள். அச்சில் ஈரம் இருந்தால் வெல்டுக்குள் காற்றுக் குமிழி தங்கிவிடும். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே ஓட்டை. பிசிறை வெட்டி, அரைத்துச் சமன் செய்து, அல்ட்ராசோனிக் கருவியால் உள்ளே பார்த்த பிறகே அதை நம்பலாம். வெயில் காலத்தில், நிழலே இல்லாத கரைமேல் நின்று இதைச் செய்தார்கள்.

உசிலம்பட்டி வரையிலான 37 கிலோமீட்டர் 2020 ஜனவரியிலேயே பாதுகாப்பு ஆய்வு முடித்து நின்றது. பயணி வண்டி ஏறியதோ 2022-இல்தான். அதுவரை உசிலம்பட்டிக்காவது ஒரு வண்டி விட்டிருக்கலாம் என்பது எங்கள் எண்ணம். ஆனால் ஓடாத பாதையும் சும்மா கிடக்காது. ஜல்லிக்குள் புல் முளைத்து மண் சேரும், மண் தண்ணீரைப் பிடித்து வைக்கும், கிளிப் துருவேறி இறுகும். அந்தக் காலத்தில் களை பிடுங்கியவர்களுக்கும் கிரீஸ் தடவியவர்களுக்கும் கூடுதலாக ஒரு கும்பிடு.

பாதை வேண்டுமென்று ஆண்டுக்கணக்கில் மனுக் கொடுத்தவர்கள், பட்ஜெட் நாளில் ஒதுக்கீட்டைத் தேடிப் படித்துச் சலித்தவர்கள், போடி ஏலக்காய் வியாபாரிகள், இடைப்பட்ட காலத்தில் கூட்டத்தைச் சுமந்த பஸ் டிரைவர், கண்டக்டர்கள் எல்லோருக்கும் நன்றி. 1928-இல் வந்த இந்தப் பாதை, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஒருமுறை பெயர்க்கப்பட்டு, 1950-களில் மறுபடி போடப்பட்டது. போனது திரும்பி வரும் என்று நம்பிய பெரியவர்கள் அதைக் கண்ணால் பார்த்தவர்கள்.

கேட் இருந்த இடத்தில் சுரங்கப்பாதை வந்ததைப் பொறுத்துக்கொண்ட ஊர்க்காரர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். மழை பெய்தால் அதில் தண்ணீர் தேங்கும். நெல், வைக்கோல் ஏற்றிய வண்டி சுற்றித்தான் போக வேண்டும். வடிகால் வாயில் பிளாஸ்டிக் பையும் வைக்கோலும் அடைத்தால் மோட்டார் ஓடியும் பயனில்லை. மழைக்கு முன்பே வாயைத் தோண்டிவிட வேண்டும், கம்பி வலையை வாரம் ஒருமுறை தட்ட வேண்டும். இதில் நாமும் கை கொடுக்கலாம்.

இன்றும் சுத்தியலும் ஸ்பேனருமாகப் பாதை நெடுக நடக்கும் கீமேன்களே, கழன்ற கிளிப்பை ஏற்றி, கிளிப்புக்கு அடியில் நகர்ந்த லைனர் துண்டைத் தட்டி வைத்துவிட்டுப் போகிறீர்கள். சென்னை வண்டியில் படுத்துத் தூங்குகிறவர்களுக்கு அது தெரியாது. தண்டவாளத்தின் ஓரம் ஆடு மாடு மேய்ப்பவர்கள் உங்கள் விசில் கேட்டதும் ஓட்டிக்கொண்டு போகும்படி ஊர் ஊராகச் சொல்லி வருகிறோம்.

இப்படிக்கு,
மதுரை–போடி தடத்து ரயில் பயணிகள்